பத்தாயம் போன அறை

போன வருஷம், ஜூன் மாதத்து எடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட நேரம். திருவனந்தபுரத்தில், கரமனை அக்ரஹாரத் தெருவில், எங்கள் சொந்த வீட்டில் நடந்தது இது. ஊரில் பலபேர் இந்த விஷயத்தைப் பலவிதமாகச் சொல்லிவிட்டார்கள். என் வாயால் நான் முழுசாகச் சொல்வது இதுதான் முதல் தடவை. இன்றைக்கும் மழை ஓங்கிப் பெய்தால், வீட்டில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவள். இங்கே வீடுகளெல்லாம் வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கம் ஆணி அடித்தால் எங்கள் வீட்டுச் சாமி படம் ஆடும். அப்படியொரு நெருக்கம்.

என் கணவர் நல்ல மனுஷர். ஆனால் எதையும் தூக்கிப்போட அவருக்கு மனசு வராது. ஓடாத மிக்ஸி, கைப்பிடி போன குடை, எரியாத டார்ச் லைட் எதைக் காட்டினாலும், "இருக்கட்டும், ஒரு ஆவசியத்துக்கு ஆகும்" என்பார். எந்த ஆவசியத்துக்கு என்று கேட்டால் பேப்பரை விரித்துவைத்துக்கொள்வார். அவர் அப்பாவும் அப்படித்தானாம். அந்த வம்சமே சேர்ந்து சேர்த்து வைத்ததெல்லாம் கூடத்துக்குப் பின்னாலிருக்கும் உக்ராண அறையில் குவிந்து கிடந்தது. உக்ராணம் என்பது பழைய வீடுகளில் சாமான் வைக்கிற அறை. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அறையின் தரையைப் பார்த்ததில்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு நாள் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுத்தார்கள். கொச்சியிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தாள். மேஜையைக் காலி பண்ணுங்கள், வீட்டைக் காலி பண்ணுங்கள், மனசைக் காலி பண்ணுங்கள் என்று அழகாகப் பேசினாள். வேண்டாத பொருள், வேண்டாத மெயில், வேண்டாத சண்டை, நம் மனசில் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிற ஆட்கள், எல்லாவற்றையும் களைந்தால் மூச்சு விடலாம் என்றாள். மற்றவர்கள் டீக்கும் பழம்பொரிக்கும் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ ஒவ்வொரு வார்த்தையும் என்னைப் பார்த்தே சொன்னது போல இருந்தது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். ஆபீஸ் மேஜையை ஒழித்துத் துடைத்துவைத்தேன். "எந்தா சேச்சி, ரிட்டயர் ஆகப் போறேளா?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள். மெயில்களை அழித்தேன். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்புகளிலிருந்து சத்தமில்லாமல் வெளியே வந்தேன். சண்டையில் கடைசி வார்த்தை என்னுடையதாக இருந்தே ஆக வேண்டும் என்பது என் பிறவிக்குணம். அதையும் விட்டுவிடுவதாகச் சபதம் எடுத்துக்கொண்டேன். என் கணவர் அதைக் கேட்டுச் சிரித்தார். நான் பதில் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் என் மனசெல்லாம் அந்த உக்ராண அறை மேல்தான். காரணம் உண்டு. பெங்களூரில் இருக்கும் என் ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். அவளை நான் பெற்றபோது இந்த வீட்டில் ஏகப்பட்ட பேர், அதைவிட அதிகமாகச் சாமான்கள். பச்சைக் குழந்தையோடு எனக்குக் கிடைத்த இடம் அரிசி மூட்டைக்கும் பாத்திர அலமாரிக்கும் நடுவில் ஒரு பாய் அகலம். காலை நீட்டினால் மூட்டையில் இடிக்கும். ராத்திரியெல்லாம் கரப்பான் பூச்சி வராமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அப்போதே நினைத்தேன், என் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும்போது அவளுக்கென்று ஒரு அறை, ஒரு சாமானும் இல்லாத வெள்ளை வெளேரென்ற அறை கொடுப்பேன் என்று.

அந்த அறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது பத்தாயம். நெல் கொட்டி வைக்கிற பெரிய மரப்பெட்டி. ஆள் உயரம், தேக்குப் பலகை, ஒவ்வொரு பலகையும் என் கையகலக் கனம். இந்த வீட்டுக்கு வயல் இருந்த காலத்தில் அதில் நெல் இருந்ததாம். என் காலத்தில் இரும்பு ட்ரங்குப் பெட்டிகள், பித்தளை அண்டா, உடைந்த ஆட்டுக்கல் என்று எல்லாவற்றையும் அதற்குள் போட்டு நிரப்பி வைத்திருந்தார்கள். அது பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரை ஒட்டி நின்றது.

பக்கத்து வீடு என்று சொல்கிறேனே தவிர, அப்போது அங்கே வீடு இல்லை. அது கைமாறி, அடுக்குமாடி கட்டுவதற்காக இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். பொதுச்சுவரை மட்டும் விட்டுவைத்து, அதன் மேல் ஒரு தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். அந்த மனையில் தகரக் கொட்டகை போட்டுக் கட்டட வேலைக்காரர்கள் தங்கியிருந்தார்கள். தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். சாயங்காலமானால் செல்போனில் பாட்டு, சிரிப்பு, சண்டை. கொல்லைப் பக்கம் போனால் அவர்கள் துணி காயப்போட்டிருப்பதுதான் கண்ணில் படும். அதைப் பார்க்க வேண்டாம் என்று கொல்லையில் ஒரு பச்சை வலையைக் கட்டிவிட்டேன். அதுவும் ஒரு ஒழுங்குதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தாயத்தை விற்கப் போகிறேன் என்றதும் என் கணவர் முகம் வாடிப்போயிற்று. ஆனால் பெண்ணுக்கும் பிறக்கப்போகிற குழந்தைக்கும் என்றதும் தலையாட்டிவிட்டார். கோவளம் பக்கத்து ரிசார்ட்டுகளுக்குப் பழைய மரச்சாமான் வாங்கிக் கொடுக்கிற ஒருவர் ஆட்களோடு வந்தார். உள்ளே இருந்ததையெல்லாம் முதலில் இறக்கினார்கள். பிறகு பெட்டியை நகர்த்தப் பார்த்தார்கள். நகரவில்லை.

"சேச்சீ, இது இளகுன்னில்லல்லோ" என்றார் அவர். அசையவே மாட்டேன் என்கிறது என்று அர்த்தம்.

"இந்த வீட்டுச் சாமான் ஒண்ணும் லேசுல வெளியில போகாது. கடப்பாரை போட்டு நெம்புங்கோ" என்றேன்.

நெம்பினார்கள். ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு பெட்டி சுவரை விட்டு வந்தது. கூடவே ஒரு முறம் காரை உதிர்ந்தது. பெட்டியைப் பலகை பலகையாகக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை என் கணவர் வாசலில் நின்றார். எனக்கோ அந்த அறையில் நின்று கையைச் சுழற்றிச் சுற்றலாம் போலிருந்தது. உண்மையாகவே சுற்றினேன்.

சுவர் கொஞ்சம் முன்னால் தள்ளி, வயிறு போட்ட மாதிரி இருந்தது. அந்தத் தெருவில் எந்த வீட்டில்தான் சுவர் நேராக இருக்கிறது? கதவு ஒரு பக்கம் சாயும், ஜன்னல் ஒரு பக்கம் சாயும். ஈர வாசனை அடித்ததற்கும், இத்தனை வருஷம் காற்றுப் படாத இடம் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பெயிண்டர் வந்து காரை போன இடத்தில் பூசி, பட்டி பார்த்து, வெள்ளையடித்தார். ஓட்டுக்கூரையின் உத்தரத்தில் என் பழைய நூல்புடவையைக் கட்டித் தூளி தயார் பண்ணினேன். ஒரு கட்டில், ஒரு தூளி, ஒரு ஜன்னல். வேறு ஒன்றும் இல்லை. நான் ஆசைப்பட்ட அறை.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்த அறைக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். மகள் பார்த்துவிட்டு, "அம்மா, நம்மாத்துலயா இப்படி ஒரு ரூம்!" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. குழந்தை அந்த அறையில் தூங்கவே மாட்டேன் என்றாள். காலி அறையாயிற்றா, எல்லாச் சத்தமும் எதிரொலித்தது. தும்மினால் இரண்டு தும்மல். கிண்ணம் கீழே விழுந்தால் கோயில் மணி. கண்ணயரப் போகும் குழந்தை உடம்பு தூக்கிப்போட விழித்துக்கொண்டு வீறிடும். கூடத்திலோ டி.வி. ஓடும், ஃபேன் கரகரக்கும், உக்ராணத்திலிருந்து எடுத்ததில் என் கணவர் கொடுக்க மாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்ட பெட்டிகளும் துணிமூட்டைகளும் மூலைக்கு மூலை கிடக்கும். அங்கே தரையில் விரித்துப் போட்டால் சுகமாகத் தூங்குவாள். மகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத்துக்கே குடிவந்துவிட்டாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊருக்கெல்லாம் காட்டிய அறை காலியாகக் கிடக்கிறது, பச்சைக் குழந்தை பழைய சாமான்களுக்கு நடுவில் கிடக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் கிடந்த மாதிரியே. மனசு பொருமிக்கொண்டே இருந்தது. ஆனால் சபதம் எடுத்திருக்கிறேனே, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பகல் சாப்பாடு முடிந்த நேரம். மழை நாலைந்து நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. கணவர் ஆபீஸில். எதிர்வீட்டு மாமி பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிளறிக் கொண்டுவந்தாள். மகள் குளிக்கப் போயிருந்தாள். இதுதான் சமயம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் தூளியில் விட்டேன். மாமியும் வந்து பார்த்தாள். "நன்னா தூங்கறதே! சமத்துக் குட்டி" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று வீட்டுக்கு ஓடினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். மழைச்சத்தம், வெள்ளைச்சுவர், தூங்குகிற குழந்தை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பட்டென்று ஒரு இடி. அறை முழுக்க முழங்கிற்று. குழந்தை கத்த ஆரம்பித்தாள்.

மகள் ஈரத்தலையோடு வந்தாள். நான் ஜன்னலைச் சாத்த எழுந்திருந்தேன்.

"அம்மா, மதி, போதும். எத்தனை தடவை சொல்றது? இந்த ரூம்ல குழந்தை ஞெட்டறா."

திடுக்கிட்டு விழிப்பதை எங்கள் வீட்டில் 'ஞெட்டறது' என்றுதான் சொல்வோம். நான் பதில் சொல்லும் முன்னால் தூளிக்குள் குனிந்து, எனக்கு முதுகைக் காட்டியபடியே நிமிர்ந்து, விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். குழந்தையின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

சபதமாவது ஒன்றாவது! எனக்கு வந்ததே கோபம். ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனேன். "நில்லுடி! நீ பொறந்தப்போ உன்னைக் கீழே விட ஒரு மூலை கிடையாது இந்த ஆத்துல, தெரியுமோ? உனக்காகத்தானே நான்..." என்று சொல்லிக்கொண்டே கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டேன். அவள் காதில் வாங்காமல் வாசலை ஒட்டிய ரேழிக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் வாக்கியம் முடியவில்லை.

பின்னால் மணல் சரிகிற மாதிரி ஒரு சத்தம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நொடி காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. முதுகில் யாரோ இரண்டு கையாலும் தள்ளிய மாதிரி ஒரு காற்று. கூடம் முழுக்கப் புழுதி. ஒன்றும் தெரியவில்லை. காது அடைத்துவிட்டது.

திரும்பினேன். அறைக் கதவு நிலை அப்படியே நின்றது. அதன் வழியாக எனக்கு மழை தெரிந்தது. மழைக்கு அப்பால் தகரக் கொட்டகை தெரிந்தது. ஒரு தென்னைமரம் தெரிந்தது. வீட்டுக்குள் நின்றுகொண்டு தென்னைமரத்தைப் பார்க்கிறேன் என்பது எனக்குப் புரியவே இல்லை. நான் உட்கார்ந்திருந்த கட்டில் இல்லை. கூரையில் பாதி இல்லை. சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. அது முழுசும் அறைக்குள் குவிந்து கிடந்தது, இடுப்பு உயரத்துக்கு, மண்ணும் வெட்டுக்கல்லும் ஓடுமாக.

எதிர்வீட்டு மாமி எப்படி வந்தாள், எப்போது வந்தாள், தெரியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட அலறல்தான் என் அடைத்த காதில் முதலில் நுழைந்தது.

"ஐயோ! குழந்தை தூளியில இருக்கே! இப்பத்தானே பார்த்துட்டுப் போனேன்! ஐயோ, குழந்தை உள்ள இருக்கே!"

இல்லை மாமி, அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன், ஒரு சத்தமும் இல்லை. வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் பதில் சொன்ன வாய் இது.

அதற்குள் கொட்டகையிலிருந்து ஆட்கள் பாய்ந்து வந்துவிட்டார்கள். சுவர்தான் இல்லையே, நேராக வீட்டுக்குள் வந்தார்கள். மேலே பாதி தொங்கிக்கொண்டிருக்கிற உத்தரத்தை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"ஏ, புள்ள உள்ள கெடக்காம்ல! ஓடியாங்கல!"

"மம்பட்டி வேண்டாம்ல, பிள்ளை மேல பட்டுரும். கையால எடு, கையால எடு!"

அழுக்கு லுங்கியும் கிழிந்த பனியனுமாக ஒருவர் முன்னால் இருந்தார். நாற்பது வயது இருக்கும். முழங்கால் போட்டு உட்கார்ந்து வெறுங்கையால் கல்லைப் பிடுங்கிப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் எறிந்தார். உடைந்த ஓட்டில் கை கீறி ரத்தம் வந்தது. மழை அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "தங்கம், தங்கம், இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்" என்று மண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே தோண்டினார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அவள் குழந்தையை எடுத்தாளா? நான் பார்த்தேனா? அவள் முதுகைத்தானே பார்த்தேன்? அழுகை நின்றது, ஆனால் குழந்தையை அவள் தோளில் நான் பார்த்தேனா? கோபித்துக்கொண்டு அவள் மட்டும் போய்விட்டாளோ? ரேழியைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. புழுதிதான் இருந்தது. குழந்தை அழும் சத்தம் எங்கேயும் இல்லை.

நானும் போய் அந்தக் குவியலில் விழுந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோண்டினேன். எதைத் தோண்டினேன், எவ்வளவு நேரம் தோண்டினேன், சொல்லத் தெரியாது. நெஞ்சு மட்டும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்திரமாக வைக்கிறேன் என்று நான்தானே கொண்டுவந்து விட்டேன், நான்தானே கொண்டுவந்து விட்டேன்.

ஒரு பெரிய கல்லைப் புரட்டியதும் என் நூல்புடவையின் கரை தெரிந்தது.

"தொட்டிச் சேலை!" என்று கத்தினார் அவர். எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். "பைய, பைய. இழுக்காதீங்க." அவர் இரண்டு கையையும் புடவைக்கு அடியில் கொடுத்து, சுற்றியிருந்த மண்ணை விரலால் ஒதுக்கி, மெல்லத் தூக்கினார்.

புடவைக்குள் கனம் இருந்தது.

அவர் தூக்கிய விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. வெறும் துணியை யாரும் அப்படித் தூக்க மாட்டார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. திறக்கப் பயந்தார். மழையில் உட்கார்ந்து அந்தப் புடவை மடிப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, பிரிக்காமல் இருந்தார். மாமி திரும்பிக்கொண்டு சுவரில் தலையை முட்டினாள். பிறகு அவரே பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மடிப்பை விலக்கினார். இன்னொன்றை விலக்கினார்.

கல். ஒரு வெட்டுக்கல். அதற்கடியில், குழந்தையின் தலைக்கு வைத்திருந்த கடுகு நிரப்பின சின்னத் தலையணை, நசுங்கி, கடுகெல்லாம் சிதறிக் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அவருக்குப் புரியவில்லை. கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் புடவையை உதறினார். மறுபடி உதறினார். "புள்ள எங்க? யம்மா, புள்ள எங்கம்மா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் வாயைத் திறந்தேன். அப்போதும் சத்தம் வரவில்லை.

வாசலில் ஆட்கள் ஓடிவரும் சத்தம். "இங்க இருக்கா, குழந்தை இங்க இருக்கா!" என்று தெருவே கத்திக்கொண்டு வந்தது. சுவர் விழுந்த சத்தத்தில் என் மகள், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் மழையில் ஓடி, தெருக்கோடி வீட்டில் போய் நின்றிருக்கிறாள். அங்கே போன பிறகுதான் அம்மா உள்ளே இருந்தாளே என்று நினைவு வந்து, கதறிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாள். கதவு நிலையருகில் வந்து நின்றாள். அவள் தோளில் என் பேத்தி. விழித்துக்கொண்டிருந்தாள். கையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

என் மகள் என்னைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள், அந்தப் புடவையைப் பார்த்தாள். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மனிதர் எழுந்து அவள் பக்கத்தில் போனார். குழந்தையைத் தொடவில்லை. கையெல்லாம் மண்ணும் ரத்தமும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இருக்கு" என்றார். தன் கூட்டாளிகள் பக்கம் திரும்பி, "ஏ, புள்ள இருக்குல" என்றார். பிறகு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

தீயணைப்பு வண்டி வந்தது, கார்ப்பரேஷன் ஆட்கள் வந்தார்கள், என் கணவர் நனைந்த சட்டையோடு ஓடிவந்தார். எனக்குக் குரல் திரும்பி வந்தது சாயங்காலம்தான். காரணத்தை ஒரு என்ஜினியர் வந்து சுருக்கமாகச் சொன்னார். இரண்டு வீடும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்ற மண்சாந்துச் சுவர். அந்தப் பக்கத்து வீடு போன பிறகு, தார்ப்பாய் விலகிய இடத்தில் மழை இறங்கி, சுவர் எங்கள் பக்கம் சாய ஆரம்பித்திருக்கிறது. அதைத் தடுத்துக்கொண்டு நின்றது அந்தப் பத்தாயம்தான். கடப்பாரையால் நெம்பினபோது, நான் வெளியே எடுத்தது பெட்டியை இல்லை, சுவருக்குக் கொடுத்திருந்த முட்டுக்கட்டையை. இந்த வீட்டிலேயே ஒன்றுக்கும் உதவாதது என்று நான் நினைத்த சாமான்!

என் கணவர், "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரியாதுதானே, வெறும் பாசத்தில்தான் வேண்டாம் என்று நினைத்தார். பழவங்காடிப் பிள்ளையாருக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, குழந்தையின் நெற்றியில் விபூதி இட்டார்.

மறுநாள் மருந்தும் பேண்டேஜும் எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கொட்டகைக்குப் போனோம். அவர் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விரல்கள் வீங்கியிருந்தன. இரண்டு மூன்று விரலில் நகமே இல்லை. நான் கையை நீட்டச் சொன்னேன். "வெந்நீர்ல வச்சேம்மா, சரியாப் போயிரும்" என்று கூச்சப்பட்டார். விடாமல் பிடித்துக் கட்டுப் போட்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல் என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"புள்ள ராத்திரி தூங்குச்சாம்மா?"

"தூங்கினா" என்றேன்.

"அது போதும்" என்றார்.

அந்த மனையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர்களை வேறு இடத்துக்கு, விதுரா பக்கம் ஏதோ கட்டட வேலைக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் விசாரித்தோம். அங்கேயும் வேலை முடிந்து போய்விட்டார்கள் என்றார்கள். ஆள் கிடைக்கவில்லை.

பேத்திக்கு இப்போது நடை பழகுகிற வயசு. கையில் அகப்பட்டதையெல்லாம் இழுத்துப்போட்டு விளையாடுகிறாள். வீடு மறுபடி குப்பையாகத்தான் கிடக்கிறது. ஆபீஸ் மேஜையை மட்டும் இப்போதும் சுத்தமாக வைத்துக்கொள்கிறேன். சாமான் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு இன்றும் தெரியும். ஆனால் மனுஷர்கள் விஷயத்தில் அந்தத் தைரியம் எனக்கு அடியோடு போய்விட்டது. நாங்கள் யாரென்றே தெரியாமல், எங்கள் குழந்தை என்று நினைத்து ஒரு கல்லை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பிரித்துப் பார்க்கப் பயந்து மழையில் உட்கார்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்த பிறகு, இவர் எனக்கு யார், இவர் எனக்கு எதற்கு என்று எந்த மனுஷரைப் பார்த்தும் என்னால் நினைக்க முடியவில்லை.